முப்பதடி ஜெரோம்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, முப்பதடி உயரத்தில் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்தான் ஜெரோம். சிவந்த கண், பத்து நாள் தாடி, சட்டையில் வாந்திக் கறை. அதே ஃபிளெக்ஸின் வலது பாதியில் மழுமழுவென்று சவரம் செய்து, வெள்ளைச் சட்டையில் சிரித்தான். 'இவர் மீண்டார், நீங்கள்?' என்று கீழே ஒரு மறுவாழ்வு மையத்தின் நம்பர்.

அதைத் தாண்டித்தான், பேசியிருந்த பெண் ரீனாவின் அப்பா ராயப்பராஜ் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார். ரீனா சரியென்று சொல்லிவிட்டாள். இனி இவர் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

ஜெரோம் ஆறு வருடமாக ஜவுளிக்கடை விளம்பரங்களுக்கு நிற்கிறான். 'மாடல்' என்று சொன்னால், 'அது சரி, வேலை என்ன?' என்று கேட்கிற ஊர் இது. அதனால் அம்மா செபஸ்தியம்மாள், 'விளம்பரக் கம்பெனியில் வேலை' என்று தரகரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஜெரோம் காப்பி டம்ளரை எடுப்பதையே ராயப்பராஜ் உற்றுப் பார்த்தார். கை நடுங்கவில்லை என்றதும் அவர் முகம் தெளிந்தது.

"பஸ் ஸ்டாண்டுல ஒங்க போட்டோவப் பாத்தேன் தம்பி."

ஜெரோம் பதறி எழுந்தான். "ஐயா, மாதா மேல சத்தியமா நான் ஒரு சொட்டு குடிச்சதில்ல! அந்தப் பாட்டில்ல இருக்கது டீத்தண்ணி!"

"அப்பறம் எப்புடி அந்தக் கோலம்?"

"நடிப்புய்யா. பத்து நாளா ஷேவிங் பண்ணல, கண்ணுல வெங்காயத்தத் தேச்சுக்கிட்டேன். அப்பவும் போட்டோக்காரன், 'இன்னும் கேவலமா இரு'ன்னு அம்புட்டு நேரம் உக்கார வச்சான். நான் மாடலுய்யா. அதான் என் தொழிலு."

சந்தேகமே இருக்கக் கூடாதென்று செல்போனில் படங்களையும் வரிசையாகக் காட்டினான். பட்டு வேட்டி, கோட்டு சூட்டு, பனியன். பனியன் வந்ததும் ராயப்பராஜ் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். செருப்பை மாட்டியவரின் பின்னால் செபஸ்தியம்மாள் ஓடினாள்.

"அதான் குடிக்கிற பிள்ள இல்லன்னு தெரிஞ்சிருச்சுல்லண்ணே, பெறகென்ன?"

"குடிச்சுத் திருந்துன பிள்ளன்னு நம்பித்தான் தாயி வந்தேன். மாடலுக்கெல்லாம் எப்புடிப் பொண்ணு குடுக்கிறது?"