மிச்சம் வைத்த மணல்

அந்த மணல் சுவரின் மேல் அவள் காலை அகட்டி நின்றாள்.

ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் கடல்.

முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல்மேட்டை விடிந்ததிலிருந்து வெட்டியாயிற்று. ஆற்றிலிருந்து கடல் வரைக்கும் வாய்க்கால் தயார். கடல் ஓரத்தில் ஒரே ஒரு சுவரை மட்டும் மிச்சம் வைக்கச் சொல்லியிருந்தாள். அதை உடைத்தால், நகரத்தில் தேங்கி நிற்கும் மழைநீர் கடலுக்குப் போய்விடும்.

அல்லது கடல் நகரத்துக்கு வந்துவிடும்.

எப்போது உடைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

"மேடம், எறங்குங்க மேடம்!"

எத்திராஜ். கவுன்சிலரின் கணவர். கவுன்சிலர் வீட்டில் இருந்தார். அதிகாரம் இவரிடம் இருந்தது.

"வெள்ளிக்கெயம மேடம். பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள ஒடைச்சி வுட்றணும். பூசை போட்டாச்சு, தேங்கா ஒடைச்சாச்சு, இன்னும் இன்னா?"

"கடல் ஏறிக்கிட்டிருக்கு. இறங்கட்டும்."

"எப்போ எறங்கும்?"

"பத்தரைக்கு மேல."

பாலத்தில் நின்ற கூட்டம் ஓவென்று கத்தியது. எவனோ விசிலடித்தான். "கடலுக்கு ஆபீஸ் டைமாம்டா!"

அவள் திரும்பவில்லை.

போன வருடமும் நல்ல நேரம் பார்த்துத்தான் வெட்டினார்கள். மேளம் வைத்து. கடல் ஏறுகிற நேரம் அது. அலை உள்ளே புகுந்தது. தென்பக்க மணல்திட்டைச் சுருட்டிக்கொண்டு போய் ஆற்றின் வாயிலேயே திணித்தது. தாழ்வான தெருக்களில் உப்புத்தண்ணீர் ஜன்னலைத் தொட்டது. அவளுக்கு முன் இந்தப் பதவியில் இருந்த பொறியாளர், நல்ல நேரத்திலேயே மாற்றலாகிப் போனார்.

இன்று சாயங்காலம் புயல் கரையைக் கடக்கிறது. இந்த ஓர் இறக்கத்தை விட்டால், புயலுக்கு முன்னால் இன்னொன்று இல்லை.

போன் அடித்தது. கணவன்.

"வாசப்படி ஏறிடுச்சு. ஃப்ரிட்ஜைக் கட்டில் மேல தூக்கி வெச்சுட்டேன். அடுத்து நான் எது மேல ஏறணும்னு உன் டிபார்ட்மெண்ட்ல கேட்டுச் சொல்றியா?"

"ஃப்ரிட்ஜ் மேல."

வைத்துவிட்டாள்.

ஓர் அலை வந்து அவள் செருப்பை நனைத்தது.

அடுத்ததும் நனைத்தது.

அதற்கடுத்தது நுரையை மட்டும் கொண்டுவந்து போட்டது. பின்னால் வந்தது அந்த நுரையைத் தொடவில்லை. அவள் நுரைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் ஆறு ஏறியது. கரையில் கூச்சலும் ஏறியது. நுரைக்கோடு காய ஆரம்பித்தது.

எத்திராஜ் மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார். "முடிஞ்சிது. ராகுகாலம் பொறந்தாச்சு. இனிமே எவன் கை வெப்பான்?"

அவள் பொக்லைன் பக்கம் கையை அசைத்தாள்.

"மாதையன். இப்ப."

மாதையன் தர்மபுரிக்காரர். எந்திரத்தை விட்டுக் கீழே இறங்காமல் காலையிலிருந்து மணலை மலைபோல வெட்டிக் குவித்தவர். இப்போது லிவரிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். ராகுகாலத்துல பக்கெட்ட எறக்குனதே இல்லீங்க. கடலு உள்ள வந்துருச்சுன்னா பாவம் என் தலையிலதானுங்களே."

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

வடக்கே அவளுடைய ஜீப். ரோடு. கூட்டம். எந்திரம்.

தெற்கே வெறும் மணல்திட்டு. கடல் உள்ளே வந்தால் முதலில் காணாமல் போவது.

அவள் தெற்கே இறங்கினாள்.

"மேடம், அந்தாண்ட எங்க போறீங்க?" எத்திராஜ் கரையோரம் ஓடி வந்தார்.

திட்டின் ஓரத்தில், உடைக்க வேண்டிய இடத்துக்கு நேராக நின்றாள். கடலுக்கு முதுகைக் காட்டி எந்திரத்தைப் பார்த்தாள்.

"கடல் உள்ள வந்தா, என்னைத் தூக்கிட்டுத்தான் வரும். வெட்டுங்க."

மாதையன் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தார். குலசாமி பெயரை முணுமுணுத்தார்.

எந்திரம் உறுமியது.

முதல் பக்கெட்டில் சுவர் சரிந்தது. இரண்டாவதில் ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாததுபோல அங்கேயே சுழன்றது.

ஓர் அலை வந்து வாசலில் நின்றது.

பாலத்தில் கூட்டம் கைப்பிடிச் சுவருக்கு நெருக்கியடித்தது.

அலை திரும்பியது. ஆறு அதன் பின்னாலேயே போனது.

அப்புறம் யாரும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. ஆறே வெட்டிக்கொண்டது. மணல் பாளம் பாளமாக விழுந்தது. ஆகாயத்தாமரை, தெர்மாகோல், யார் வீட்டுக் கதவோ ஒன்று, எல்லாம் வரிசை கட்டிக் கடலுக்குப் போயின. பாலத்தில் விசில் பறந்தது. எத்திராஜ் நான்கு திசைக்கும் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் காலடி சரிந்தது. பின்னால் நகர்ந்தாள். மறுபடி சரிந்தது. மறுபடி நகர்ந்தாள். அவசரமில்லாமல்.

வெகுநேரம் கழித்துப் போன் அடித்தது.

"ஏய், வாசப்படி தெரியுது! நிஜமாவே இது உன் டிபார்ட்மெண்ட்தானா?"

"நாங்கதான்."

"சோறு வெச்சுடறேன். சீக்கிரம் வா, காத்து ஏறுது. ஆமா, எங்க நிக்கிற? ஒரே இரைச்சலா இருக்கு?"

அவள் ஜீப்பைப் பார்த்தாள். தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. இடையில் ஒரு கிரிக்கெட் மைதானத்தின் அகலத்துக்கு ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"கரையிலதான்" என்றாள்.