ஒரே ஒரு ரிங்

"மிஸ்டு கால் குடுக்கறதும் ஒரு வகைத் திருட்டுதான்!"

ராம்கி மேஜையைத் தட்டிச் சொன்னதும் அரங்கம் முழுக்கக் கைதட்டியது. ஒரு பெரிய செல்போன் கம்பெனியின் வைஸ் பிரசிடெண்ட் சொன்னால் தட்டாமல் இருப்பார்களா?

2005-ஆம் வருடம். புனே விமான் நகரில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் செல்போன் கம்பெனிகளின் மாநாடு. மேடையில் நடந்த சண்டை என்னவோ ஆங்கிலத்தில்தான். நம் வசதிக்குத் தமிழிலேயே கேட்போம்.

எதிர் நாற்காலியில் வனஜா. சின்னதாக ஓர் அறையில் நாலு பேரை வைத்துக்கொண்டு கம்பெனி நடத்துபவள். மிஸ்டு காலை வைத்தே ஒரு சேவை நடத்தலாம் என்று இரண்டு வருடமாக ஒவ்வொரு நெட்வொர்க்காக ஏறி இறங்கியாயிற்று. ஒருவரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நெட்வொர்க்கின் தலைவர் காசிம் மட்டும், "இந்தச் சபையை ஒத்துக்க வைங்க, நாளைக்கே என் நெட்வொர்க்ல ஆரம்பிச்சுடலாம்" என்று சொல்லியிருந்தார். இதோ, முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். இன்றைக்குத் தோற்றால் மாதக் கடைசியில் ஆபீசைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

விவாதத்தை நடத்திய மும்தாஜ் தொடக்கத்திலேயே கேட்டிருந்தார், "நீங்க ரெண்டு பேரும் இதுக்கு முன்னாடி சந்திச்சிருக்கீங்களா?"

"எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கு" என்றார் ராம்கி. சபை சிரித்தது. வனஜா சிரிக்கவில்லை.

"சரி, எல்லாரும் ஃபோனை அணைச்சுடலாமா?"

"செல்போன்காரன் செல்போனை அணைக்கறதா? நல்லா இருக்கே கதை!" என்று ராம்கி தன் ஃபோனை எடுத்து மேஜைமேல், மைக்குக்குப் பக்கத்திலேயே வைத்தார். வனஜா தன்னுடையதை அணைத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

அதற்குப் பிறகுதான் இந்தத் திருட்டுப் பட்டம்.

"டவர் என்னோடது, லைன் என்னோடது, செலவு என்னோடது. மேடம் சொல்ற ஆளுங்க மணி அடிச்சுட்டு ஓசியில ஓடிடறாங்க!"

"ஓடலை சார், ஏதோ சொல்லிட்டுப் போறாங்க. ஒரு ரிங்னா கீழே வந்து நிக்கறேன்னு அர்த்தம். ரெண்டு ரிங்னா நீ கூப்பிடுன்னு அர்த்தம். அதே மாதிரி, மார்க்கெட் யார்டுக்கு வெங்காயம் கொண்டு வர்றவர் எங்க நம்பருக்கு ஒரு ரிங் குடுக்கட்டும். இன்னிக்கு என்ன விலைன்னு அவருக்கு எஸ்.எம்.எஸ். போகும். அதுக்குக் கீழேயே ஒரு உரக்கடை விளம்பரம். செலவை உரக்கடைக்காரர் பார்த்துப்பார், உங்க டவருக்கும் பங்கு வரும்."

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதெல்லாம் இல்லாதவங்க பழக்கம் மேடம். நம்மள மாதிரி குடும்பத்துல யார் மிஸ்டு கால் குடுக்கறா? இந்த ஹால்ல ஒரே ஒருத்தரைக் காட்டுங்க பார்ப்போம்!"

மறுபடியும் கைதட்டல். கோட்டு போட்ட தலைகள் எல்லாம் ஆமாம் போட்டன. காசிம் குனிந்து தன் பையை எடுக்கப் போனார்.

வனஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"முடிச்சுக்கலாமா மேடம்?" என்றார் மும்தாஜ்.

"ஒரே ஒரு நிமிஷம்."

அப்போது ராம்கியின் ஃபோன் அடித்தது. ஒரே ஒரு ரிங். அதோடு நின்றுவிட்டது. பக்கத்தில் மைக் இருந்ததால் கடைசி வரிசைவரை கேட்டது.

"திருப்பிக் கூப்பிடுங்க சார், நாங்க காத்திருக்கோம்" என்றாள் வனஜா.

"தேவையில்லை. வீட்லேருந்துதான்."

"அவசரமா இருக்கப் போகுது சார்."

"அவசரமெல்லாம் ஒண்ணும் இல்லை. பொண்ணு ஸ்கூல்லேருந்து வந்துட்டா, அவ்வளவுதான்."

"ஃபோனை எடுக்கவே இல்லையே. எப்படித் தெரியும்?"

"அதான் ஒரு ரிங் அடிச்சுதே..."

ராம்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் மைக் அதற்குள் எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லிவிட்டது.

சிரிப்பு கிளம்பியது பாருங்கள், மும்தாஜாலேயே அடக்க முடியவில்லை. காசிம் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து முன்வரிசை எழுந்தது, பிறகு மொத்த அரங்கமும் எழுந்தது. வனஜாவின் ஆபீசிலிருந்து வந்திருந்த நாலு பேரும் அது நட்சத்திர ஹோட்டல் என்பதையே மறந்து விசிலடித்தார்கள்.

"சரண்டர் மேடம்!" என்று இரண்டு கைகளையும் தூக்கினார் ராம்கி.

காசிம் மேடைக்கே வந்துவிட்டார். "காலையில ஆபீசுக்கு வாங்க, கையெழுத்துப் போட்டுடலாம்."

வனஜா இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இரண்டு வருடம் ஏறி இறங்கிய படிகள் அத்தனையும் ஒரே நொடியில் மறந்துபோயின. இன்றைக்கு அவள் ஜெயித்துவிட்டாள்!

கை கொடுத்தவர்களிடமிருந்தெல்லாம் ஒருவழியாகத் தப்பித்து அவள் கார் நிறுத்தும் இடத்துக்கு வந்தபோது, டையைத் தளர்த்திக்கொண்டு தன் காரின்மேல் சாய்ந்து நின்றிருந்தார் ராம்கி. அவளையே முறைத்துப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"தினமும் நம்ம வைஷு உனக்குத்தானே ரிங் குடுப்பா? இன்னிக்கு எதுக்கு எனக்குக் குடுத்தா?"

வனஜா முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"காலையில ஸ்கூல் பஸ் ஏத்தறப்போ நான்தான் சொல்லி அனுப்பினேன். வண்டியை எடுங்க, போற வழியில அவளுக்கு வடா பாவ் வாங்கணும்."