ஜட்ஜும் சோடா பாட்டிலும்

“இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒருத்தனை ஒழுங்கா வெறுக்கக்கூடத் தெரியலை” என்றார் வெர்லன், காரில் ஏறி உட்கார்ந்ததும். “காலையிலேர்ந்து பார்க்கறேன். வர்றவன் போறவன் எல்லாம் தோள்ல கை போட்டுப் படம் எடுத்துக்கறான். ‘எங்க தாத்தாவுக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்’னு ஒருத்தி. என்னை எதுக்குப் பிடிக்கணும்?”

ரெட்டா சிரித்துக்கொண்டே காரைக் கிளப்பினாள். டுபெலோவில் பழைய மல்யுத்தக்காரர்களைக் கூட்டிவைத்து விழா எடுத்திருந்தார்கள். அங்கேயிருந்துதான் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள்.

மிசிசிப்பியில் ஒரு காலத்தில் வெர்லன் என்றால் யாருக்கும் தெரியாது. மேடைப் பேரான ‘ஜட்ஜ்’ என்றால் பச்சைப் பிள்ளைகூடக் காறித் துப்பும். கறுப்பு அங்கி, கையில் மரச் சுத்தியல். கெட்ட பயில்வான்களுக்கெல்லாம் அவர்தான் மேனேஜர். நடுவர் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், மேடைக் கயிற்றுக்கு வெளியே நின்றபடியே, நல்லவனாக வரும் மீக்ஸின் மண்டையில் சுத்தியலால் ஒரு போடு.

எல்லாம் பேசிவைத்த அடிதான். ஆனால் அதை வெளியே மூச்சு விடக் கூடாது. நல்லவனும் கெட்டவனும் ஒரே காரில் போகக் கூடாது, ஒரே கடையில் சாப்பிடக் கூடாது. வெர்லன் தன் மாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மாள் சாகும்வரை அவருக்கு ஒரு வாய் காபி கொடுத்ததில்லை.

“அப்பாவுக்கு நாள் நெருங்கிடுச்சு ஐயா” என்றாள் ரெட்டா. “உங்களை ஒரு தடவை பார்க்கணும்கறார். அந்த பாட்டில் விஷயம்தான் உறுத்துது போல.”

வெர்லனின் கை தானாகப் புருவத்துக்குப் போனது. புருவத்தைப் பிளந்த தழும்பு. ரெட்டாவின் அப்பா ஹோய்ட் முன்வரிசையிலிருந்து வீசிய சோடா பாட்டில்.

“குறி தப்பாதவன் உங்கப்பன்.”

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ‘எல்லாம் நாடகம்ப்பா, மீக்ஸும் நானும் சிநேகிதங்க, உன் மேல எனக்குக் கோபமில்லை’ன்னு. இப்ப ஊருக்கே தெரியும். அவர் ஒருத்தர்தான் இன்னும் நம்பிக்கிட்டு இருக்கார். நிம்மதியாப் போகட்டும்.”

“நாடகம்னு தெரிஞ்சா நிம்மதி வருமா? ஒண்ணும் பண்ணாதவன் மண்டையை உடைச்சுட்டோமேன்னு இருக்காதா?”

“கெஞ்சிக் கேக்கறேன் ஐயா.”

“சரி சரி. சொல்லித் தொலைக்கறேன்.”

ஹோய்ட் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். மூக்கில் குழாய். கண் மட்டும்தான் உயிரோடு இருந்தது. அது வெர்லனைக் கண்டதும் பளிச்சென்று எரிந்தது.

“ரெட்டா, கதவைத் திறந்து போட்டியா? நாத்தம் வருது.”

“அப்பா, ஜட்ஜ் வந்திருக்கார்...”

“அதான் சொன்னேன். அங்கி போட்ட பன்னி. நேரா நின்னு ஜெயிக்கத் துப்பில்லாத கழிசடை. எங்கடா உன் சுத்தியல்?”

நாடகம் என்ற சொல் வெர்லனின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இப்படி ஒரு ஏச்சைக் கேட்டு எத்தனை காலம்! அவருடைய கூன் நிமிர்ந்தது.

“சுத்தியல் இருந்தா உன் மண்டையிலயும் ஒண்ணு போட்டிருப்பேன் கிழவா! ஆமா, மீக்ஸை அடிச்சேன். குழியிலேர்ந்து எழுந்து வந்தா இன்னும் அடிப்பேன். நடுவர் குருடன், இந்த ஊரு முட்டாள், நான் ஜட்ஜ்!”

“ஐயா!” என்று அலறினாள் ரெட்டா.

“பாட்டில் வலிச்சுதாடா?”

“கொசு கடிச்ச மாதிரி இருந்துச்சு. உன் கையில பலம் அவ்வளவுதான்.”

“வெளியே போடா!” ஹோய்ட் உதட்டைக் குவித்து, மூச்சு இருந்த மட்டும் ஊளையிட்டார். “ஊ... ஊ...”

வெர்லன் மோவாயைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். அந்தக் காலத்தில் ஜனங்கள் வீசும் அவிச்ச கடலை மழையாக வந்து விழ, நடுவில் நடந்து போவாரே, அதே நடை.

வாசலில் பீக்கன் மரத்தடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரெட்டா வர நேரமாயிற்று. திட்டத்தான் வருகிறாள் என்று முந்திக்கொண்டார்.

“பார்த்தியா? கெட்டவனைத்தான் அடிச்சோம்னு ஆகிப்போச்சு. இனி நிம்மதியாப் போவான்.”

“ஐயா... அப்பா சிரிக்கறார்.” அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. “பாட்டில் வீசின அன்னிக்கு, உங்களை இன்னும் ரெண்டு போடணும்னு பின்னாலயே வந்தாராம். கொட்டகைக்குப் பின்னாடி மீக்ஸ் தன் சட்டையைக் கிழிச்சு உங்க புருவத்துல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தாராம். அன்னிக்கே எல்லாம் தெரிஞ்சுபோச்சாம்.”

“அப்புறம் எதுக்கு வாராவாரம் வந்து கத்தினான்?”

“‘மண்டை உடைஞ்சும் அந்த மனுஷன் வேஷத்தைக் கலைக்கலை, நான் எப்படிக் கலைக்கறது’ன்னார். இப்ப உங்களை யாரும் திட்டறதில்லைன்னு கேள்விப்பட்டு, ‘பாவம், ஒரு தடவை திட்டி அனுப்புவோம்’னுதான் கூப்பிட்டாராம்.”

வெர்லன் அவளை முறைத்தார்.

“போம்மா. போற நேரத்துல முட்டாள்னு பேர் வாங்க வேண்டாம்னு கதை விடறான். அந்த ஏச்சு நடிச்சு வராது. ஆயுசு பூரா இந்தத் தொழில்ல இருந்தவன்கிட்டயே சொல்றியா? அவன் நம்பினான்.”

ரெட்டா கார்க் கதவைத் திறந்தாள். அவர் ஹோய்ட் படுத்திருந்த ஜன்னலை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“ஜட்ஜ் உன் கார்ல ஏறினா அவன் பார்த்துடுவான்” என்று சொல்லிவிட்டு, வெயிலில் தனியாக நடக்க ஆரம்பித்தார்.