இறுகிய திருகாணி

கிள்ளான் ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் புல்வெட்டும் மிஷின் இரண்டு நாளாகக் கிளம்பவில்லை. இன்றைக்கும் ஓடாவிட்டால் வேலை இல்லை என்று துரையின் மனைவி துரைசானி, தோட்டக்காரன் காத்தமுத்துவிடம் சொல்லிவிட்டாள். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். மனைவிக்கோ ஒன்பதாம் மாதம்.

கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி மாட்டினான். இறுகிக் கிடந்த திருகாணியைச் சற்றே தளர்த்திக் கயிற்றை இழுத்தான். மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

துரை தலைதெறிக்க ஓடிவந்தார்.

"திருகாணியைத் தொட்டது யாரு?"

"நான்தாங்க தொரை, மன்னிச்சிடுங்க!" காத்தமுத்து காலில் விழப்போனான்.

துரை பங்களாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்: "இந்தச் சத்தத்துல மத்தியானம் தூங்க முடியலேன்னு நான்தான் முறுக்கி வெச்சேன். துரைசானிகிட்ட சொல்லிடாதே, காத்தமுத்து. என்னைத் தொலைச்சிடுவா!"