அறுகம்பேயிலிருந்து வந்த புள்ளி

“ராத்தா, எழும்பி வாங்க! புள்ளி வந்திரிக்கு!”

நிப்றாஸ் போட்ட சத்தத்தில், கரையில் குந்தியிருந்த றஹீமா முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் ஓடினாள். கடலுக்குப் போன படகுகள் எங்கே நிற்கின்றன என்று திரையில் காட்டும் புது நிலையம் அது. பெயின்ட் மணம் இன்னும் போகவில்லை, நாட்டுத் தலைவர் வந்து திறக்கும் விழாவே இன்றைக்குத்தான். நிப்றாஸ் அங்கே வேலைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

திரையில் அறுகம்பேக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி மின்னியது. பக்கத்தில் அவள் கணவன் ஸைனுலாப்தீனின் படகு இலக்கம்.

“அல்ஹம்துலில்லாஹ்!” றஹீமாவுக்கு அழுகை பொங்கியது.

நாலு நாளாகிறது அவன் போய். போனதிலிருந்து அந்தப் புள்ளியைத் திரையில் காணவில்லை. முந்தாநாள் கச்சான் காற்று கிளம்பியதும் சாய்ந்தமருதுப் படகுகள் எல்லாம் விழுந்தடித்துக் கரைக்கு வந்துவிட்டன. அவனுடையது மட்டும் வரவில்லை.

“நாலு நாளா எங்க போனது இந்தப் புள்ளி?” என்று கேட்டான் அக்ரம். ஸைனுலாப்தீனின் தம்பி. அண்ணனைத் தேடிப் போக எட்டுப் படகுகளுக்கு டீசல் அடித்து, ஆட்களையும் ஏற்றித் தயாராக நின்றான்.

“போட்டில இரிக்கிற சிக்னல் பெட்டி பழுதாகி இரிக்கும். இப்ப சரி வந்திட்டு. நம்மட பக்கந்தான் வருது, பாருங்க,” என்றான் நிப்றாஸ்.

அக்ரம் கண்ணைச் சுருக்கி அண்ணனின் புள்ளியைப் பார்த்தான். “காக்காட போட் இந்த ஓட்டம் ஓடாதே.”

“பட்டிக்குத் திரும்புற மாடு ஓடித்தான் வரும் தம்பி,” என்றாள் றஹீமா. நாலு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“எதுக்கும் நாங்க ஒருக்காப் போய்ப் பார்த்திட்டு வாறமே.”

நிப்றாஸ் தலையைச் சொறிந்தான். “தலைவர் கடலாலதான் வாறாராம். அவர் இறங்குமட்டும் ஒரு போட்டும் இறங்கப்படாதாம். உசிராபத்து எண்டா மட்டும் விடுவாங்க. இப்ப புள்ளி தெரியுதே, என்னத்தைச் சொல்லிக் கேக்கிற?”

பெரியவர்கள் வந்தால் ரோட்டை மறிப்பார்கள். இந்தத் தடவை கடலையே மறித்துவிட்டார்கள்.

அக்ரம் றஹீமாவைப் பார்த்தான். “நீங்க சொல்லுங்க மதினி. போ எண்டா, ஆரு மறிச்சாலும் போவன்.”

“வேணாம் தம்பி. வாற மனிசனைத் தேடி ஏன் போற?”

எட்டுப் படகுகளின் இயந்திரங்களும் ஒவ்வொன்றாக நின்றன.

மகள் அஸ்மியாவை றஹீமாவே உடுப்பு மாற்றி அழைத்து வந்தாள். வரவேற்புரை அவளுடையது. வாப்பா வராமல் பேசமாட்டேன் என்று நேற்று முழுக்க அடம்பிடித்த பிள்ளை, இப்போது துள்ளிக்கொண்டு சொல்லிப் பார்த்தது.

“ஏழு வயதிலேயே வீட்டு ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவர் எங்கள் தலைவர்! இன்றும் சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பவர்! அவர் தந்த சிக்னல் பெட்டி...” என்று வந்தவள் நிறுத்தினாள். “உம்மா, பெட்டிக்கு அடியில நான் நகப்பூச்சால ‘வாப்பா’ எண்டு எழுதினது இன்னும் இரிக்குமா?”

“இரிக்கும் மகள். வாப்பாக்கிட்டயே கேளு.”

அந்தப் பெட்டியை நம்பித்தான் றஹீமா புருஷனைக் கடலுக்கு விடுகிறாள். போகும்போதெல்லாம், “பெட்டி இரிக்கா?” என்று கேட்பாள். இந்த முறையும் கேட்டாள். “ஓம், ஓம்” என்றான், மடித்துக்கொண்டிருந்த வலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

புள்ளி திருக்கோவிலைத் தாண்டியது. நிந்தவூரையும் தாண்டியது. கம்பு தட்டி ஆடும் பொல்லடிக்காரர்கள் வரிசை கட்டி நிற்க, தலைவரோடு கடற்படைப் படகு கரைக்கு வந்தது. றஹீமா அதற்குப் பின்னால் பார்த்தாள். வெறுங்கடல். காற்று வேறு கூடிக்கொண்டு வந்தது.

“பின்னால வருவார்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தலைவர் நல்ல மனிதர்தான். அஸ்மியாவின் பேச்சைக் கடைசிவரை நின்று கேட்டார். தலையைத் தடவினார். திரைக்கு முன்னால் போய்ச் சிறுபிள்ளைபோல் வாய் பிளந்து பார்த்தார். புள்ளி இப்போது சாய்ந்தமருதுக் கரையில் அசையாமல் நின்றது.

“வாப்பா வந்திட்டார்!” அஸ்மியா கடலைப் பார்க்க ஓடினாள்.

தலைவர் பேசப் பேச, பக்கத்தில் நின்றவர் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்.

“எந்தக் கருவியையும் பிரித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். அதனால் போன கிழமை, இந்தக் கரையில் நின்ற ஒரு படகிலிருந்து ஒரு பெட்டியைக் கழற்றிக்கொண்டுவரச் சொன்னேன். இத்தனை நாளும் பாகம் பாகமாக என் மேசையில் கிடந்தது. இன்று காலை அறுகம்பேயில் வைத்து நானே மறுபடி பொருத்திப் பூட்டி, என்னோடு கொண்டுவந்தேன். திரையைப் பாருங்கள், நான் நிற்கும் இடத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது!”

கூட்டம் கைதட்டியது. எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று தலைவர் அந்த வெள்ளைப் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். அதன் அடியில், சிவப்பு நகப்பூச்சில், கோணல் எழுத்தில் ‘வாப்பா’ என்று எழுதியிருந்தது.