பதினோராம் இடம்

ஆம்பூரில் குதிரைச் சேணம் செய்யும் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் நின்றுவிட்டன, தோல் வாடை மட்டும் அப்படியே நிற்கிறது. ஆறு வருடமாகச் சேணம் தைக்கும் அஃப்ஷா, கைபேசியைச் சோற்று டப்பாவில் சாய்த்து வைத்து, வெளிநாட்டில் நடக்கும் குதிரையேற்றப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் வெயில் திரையில் பட்டுக் கண் கூசுகிறது, உள்ளங்கையால் மறைக்கிறாள். இந்திய வீரரின் குதிரை கடைசித் தடையைத் தாண்டும்போது பின்னங்கால் பட்டு, குறுக்குக் கட்டை உருண்டு விழுகிறது. முப்பது பேரில் பதினோராம் இடம். “நம்மாளுங்களுக்கு இன்னாத்துக்குக் குதிரை? கிரிக்கெட் பாரும்மா” என்கிறார் சூப்பர்வைசர் மதியழகன். மேசையைச் சுற்றிலும் சிரிப்பு. அஃப்ஷாவின் கை சோற்றிலேயே நிற்கிறது. “நாம தைக்கிற சேணத்துல உக்காந்து வெளிநாட்டுக்காரன் ஜெயிச்சா அவன் போட்டோவ ஆபீஸ்ல மாட்றீங்க சார். நம்மாளு பதினொன்னாவதா வந்தா சிரிக்கிறீங்க. அங்க ஊருக்கு ஊர் குதிரை மைதானம், இங்க அதெல்லாம் கம்மி. அப்பவும் பத்தொம்பது பேரு அவனுக்குப் பின்னாலதான் நிக்கிறாங்க.” அவள் கைபேசியின் சத்தத்தை முழுதாகக் கூட்டி, திரையை அவர் பக்கம் திருப்பி வைக்கிறாள். அதில் அந்த வீரர், நிமிர்ந்த முதுகு வளையாமல், குதிரையின் வியர்த்த கழுத்தைத் தட்டிக்கொடுக்கிறார்.