பக்கத்தில் ஓர் இடம்

துணி வெட்டும் மேசையில் சாக்பீஸ் தூளைத் துடைத்து, தையல்காரரும் மனைவியும் வெள்ளைத் துணி விரித்திருக்கிறார்கள். அதன்மேல் ரொட்டித் துண்டுகள், இரண்டு குட்டிக் கிண்ணங்களில் திராட்சரசம். ஊரடங்கால் ஆலயம் பூட்டிக் கிடக்கிறது. நூல்கண்டில் சாய்த்துவைத்த செல்போனில் போதகர் ஜெபித்து முடித்து, திருவிருந்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை வெயில் மட்டும் வழக்கம்போல் வந்து தையல்காரரின் சட்டையில் உட்கார்ந்திருக்கிறது. அவரோ முழங்காலிட்டு, கையின்மேல் கை வைத்து நீட்டியபடியே இருக்கிறார். “எடுத்துக்கோங்க, ஐயாதான் சொல்லிட்டாரே” என்கிறாள் மனைவி. “நாமளே எடுத்தா அது காலைப் பலகாரம். யாராவது கையில வைக்கணும்.” “நான் வச்சா செல்லுமா?” “தெரியலையே” என்கிறார். நீட்டிய கை மட்டும் இறங்கவில்லை.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ரொட்டியை அவர் கையில் வைக்கிறாள். கிண்ணத்தையும் கொடுக்கிறாள். ஆலயத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கல்யாணமான நாளிலிருந்து இந்த நேரத்தில் அவருடைய முதுகைத்தான் பார்த்திருக்கிறாள். அவர் நினைவிலோ, பீடத்தடியில் தோளோடு தோள் இடிக்கும் அந்த வரிசை, யாரோ ஒருவரின் செருமல், ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகளின் அந்துருண்டை வாசனை. குடித்து முடித்தவர், மூடிய கண்ணைத் திறக்காமலே, அடுத்தவருக்கு இடம்விட்டுச் சற்று நகர்கிறார். பிறகுதான் விழித்து, பக்கத்தில் கிடக்கும் வெறுந்தரையைப் பார்க்கிறார்.

அவள் அந்த இடத்தில் முழங்காலிட்டு, அவரிடம் கைகளை நீட்டுகிறாள்.